மூன்றாவது முளைக்குச்சி

கொள்ளு வாங்கிய கையோடு பொற்கொடி ஒரு பழைய சாக்கும் வாங்கினாள். போடிநாயக்கனூர் சந்தையில் சாக்குக் கடைக்காரர் நல்ல சாக்காக எடுத்து நீட்ட நீட்ட, "இது வேணாம்ணே, நைஞ்சதாக் குடுங்க" என்று கேட்டு வாங்கிப்போனவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். ஜீப்பில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த அழகுராஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறான், இந்த அம்மாள் சாவகாசமாகச் சந்தை சுற்றுகிறாள்.

"கொள்ளு எதுக்குக்கா?"

"ரசம் வைக்க."

"சாக்கு?"

"வடிகட்ட."

"உங்க ரசத்துக்குச் சாக்கே அதிகம்" என்று முனகியபடி அவன் ஜீப்பைக் கிளப்பினான்.

பொற்கொடி சிரிக்கவில்லை. யோசனையில் இருக்கும்போது அவள் சிரிக்கமாட்டாள். அவள் சிரிக்காத நேரத்தில் அழகுராஜா வாயை மூடமாட்டான். ஏலக்காய்க் கடை மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் நிலையம் இந்த லட்சணத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது, காணாமல் போன ஏலக்காய் மூட்டையைத் தேடுவது, இவைதான் வழக்கமான சோலி. குதிரையும் கிருமியும் அவர்களுக்குப் புதுசு.

படுத்திருந்தவர் மாரீஸ்வரன். போடிமெட்டுக்குக் கீழே மலைச்சரிவில் ஓர் ஏலத்தோட்டத்துக்குச் சூப்பர்வைசர். காய்ச்சல் என்று படுத்தார். மூக்கிலும் கன்னத்திலும் புண் கிளம்பியது. நெஞ்சில் சளி கட்டி மூச்சே விட முடியாமல் போய், இப்போது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். முதலில் காசநோய் என்றார்கள், அப்புறம் வேறேதோ என்றார்கள். கடைசியில் சளியைப் பரிசோதித்த டாக்டர் வீட்டாரை உட்காரவைத்து, "இது கிளாண்டர்ஸ். குதிரைக்கு வர்ற கிருமி. குதிரையோட மூக்குச்சளி பட்டா மனுஷனுக்கும் ஒட்டும்" என்றார். மருந்து உண்டு என்றும், நேரத்தோடு தொடங்கவேண்டும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"நோய் வந்த குதிரை ஒண்ணு எங்கேயோ இருக்கு. அதை யாரோ தொட்டுப் புழங்கிக்கிட்டு இருக்காங்க. அடுத்து இங்க வந்து படுக்கப்போறது அந்த ஆள்தான். அதுக்குள்ள கண்டுபிடிச்சா அவரைக் காப்பாத்தலாம்."

சிக்கல் என்னவென்றால், மாரீஸ்வரன் குதிரையைத் தொடாதவர். சின்ன வயதில் குதிரை உதைத்து முன்பல்லைப் பறிகொடுத்தவர். பாதையில் குதிரை எதிரே வந்தால் ஏலச்செடிக்குள் இறங்கி நின்றுகொண்டு, அது மணியை ஆட்டிக்கொண்டு தாண்டிப்போன பிறகுதான் மேலே ஏறுவார். தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களுக்கு அவர் இறங்கி நிற்கும் அழகைச் சொல்லிச் சிரிப்பதே ஒரு பொழுதுபோக்கு.

"அப்புறம் எப்படி ஒட்டுச்சு? குதிரை லெட்டர் போட்டுச்சா?" என்று வழக்கு வந்த அன்றைக்கே அழகுராஜா கேட்டான்.

வழக்கைக் கொண்டுவந்தது மாரீஸ்வரனின் மனைவி கலையரசி. அவளுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. அவள் ஒரே பேரைத்தான் சொன்னாள். கன்னையன்.

கன்னையன் மலையடிவாரத்து முந்தலில் குதிரை வைத்துப் பிழைப்பவன். அந்தத் தோட்டத்துக்கு வண்டிப்பாதை கிடையாது. மேலே அரிசி பருப்பு போவதும் கீழே ஏலக்காய் மூட்டை வருவதும் அவன் குதிரைகளின் முதுகில்தான். ஜீப்பு வர ரோடு வெட்டவேண்டும் என்று மாரீஸ்வரன் முதலாளியிடம் பேச்செடுத்தார். அது தெரிந்து டீக்கடையில், ஊரே பார்க்க, கன்னையன் கத்தினான்: "எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்ட உன் மூஞ்சி அழுகித்தான்யா போகும்!"

சொன்ன மாதிரியே மூஞ்சி அழுகியது.

"வாய்ச்சொல்லு தானாப் பலிக்குமாக்கா? அவன் பலிக்க வச்சிருக்கான்" என்று கலையரசி அழுதாள். அவளுடைய அண்ணன் தம்பிகள் கன்னையனை எங்கே மடக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் சொல்கிற வரைக்கும் கை வைக்கவேண்டாம் என்று பொற்கொடிதான் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்திவைத்திருந்தாள்.

கால்நடைத் துறை ஆட்கள் வந்து கன்னையனின் இரண்டு குதிரைகளுக்கும் ரத்தம் எடுத்துப்போனார்கள். இரண்டும் சுத்தம் என்று பதில் வந்தது. அத்தோடு வழக்கு சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

இன்று காலையில் பொற்கொடி மட்டும் நடந்து ஏறித் தோட்டத்து வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். அழகுராஜா மலை ரோட்டில் ஜீப்புக்குக் காவல் இருந்து, அதாவது தூங்கி, அவள் இறங்கி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவள் கையில் உறை மாட்டியிருந்தாள். பாலித்தீனால் இறுக்கிக் கட்டிய ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து ஜீப்பின் பின்னால் வைத்தாள்.

"உள்ள என்னக்கா?"

"கேக்காத. தொடவும் தொடாத."

கூட்டாளியை இப்படியா நடத்துவது? அந்தக் கடுப்பு அவனுக்கு இன்னும் அடங்கவில்லை. அதற்கு மேல் இந்தக் கொள்ளு வேறு. ஜீப்பு முந்தல் ரோட்டில் போய்க்கொண்டிருக்க, பொற்கொடி மடியில் சாக்கை விரித்து, அதற்குள் ஒரு பிடி கொள்ளைப் போட்டுத் தண்ணீர் தெளித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரசம் ஜீப்புலயேவா வைக்கப் போறோம்?"

"அழகு, அங்க போய் நான் என்ன பொய் சொன்னாலும் வாயைத் தொறக்கக் கூடாது."

"நீங்க பொய் சொல்லும்போதுதான நான் வாயைத் தொறக்காம இருக்கேன். உண்மை பேசுனாத்தான் ஆச்சரியத்துல தொறந்துருது."

இந்தத் தடவை அவள் லேசாகச் சிரித்தாள். அதைப் பார்த்ததும் அழகுராஜாவுக்குப் பயம் வந்தது. வலை விரிக்கும்போதுதான் அவள் அப்படிச் சிரிப்பாள்.

முந்தலில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேலே மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. கன்னையனின் குதிரைக் கொட்டடி ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தகரக் கூரையும் திறந்த முற்றமுமாக இருந்தது. ஐப்பசி மழைக்கு முற்றமெங்கும் புல் கணுக்கால் உயரம் வளர்ந்திருந்தது.

கன்னையன் எழுந்து வந்தான். ஒல்லியான ஆள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வலது கையில் ஒரு துணியைச் சுற்றியிருந்தான்.

"வாங்க ஆத்தா. இன்னும் என்ன கேக்கணும்? ரத்தந்தான் எடுத்துட்டுப் போயாச்சே."

"கையில என்னண்ணே?"

"லாடம் அடிக்கும்போது பட்டுருச்சு."

கூரைக்குக் கீழே இரண்டு செம்மண் நிறக் குதிரைகள் நின்றன. முளைக்குச்சிகள் மூன்று இருந்தன. மூன்றாவது, கூரைக்கு வெளியே முற்றத்தில் கயிறில்லாமல் நின்றது. அதைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் வெள்ளை வெளேரென்று கொட்டியிருந்தது.

"மூணாவது யாருக்கு?" என்றாள் பொற்கொடி.

"வெள்ளச்சின்னு ஒண்ணு இருந்துச்சு. ஆடியில அந்தியூர் சந்தையில வித்துட்டேன்."

"வாங்குனது யாரு?"

"அசலூர்க்காரன். பேரு ஞாபகம் இல்ல."

"குதிரைக்கு வெள்ளச்சின்னு பேரு வச்சு ஞாபகம் வச்சிருக்கீங்க, மனுஷன் பேரு மறந்துருச்சாக்கும்" என்றான் அழகுராஜா.

கன்னையன் அவனை முறைத்தான். கோபக்காரன் என்று ஊர் சொன்னது சும்மா இல்லை. டீக்கடையில் கத்திய வாய் இதுதான் என்று அழகுராஜாவுக்குத் தோன்றியது. ஓர் அடி பின்னால் வைத்தான். சுவரில் தொங்கிய அரிவாள், கடிவாளம், ஆணிப்பெட்டி எல்லாம் இப்போது அவன் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தன.

பொற்கொடி எதையும் கவனிக்காதவள்போல அக்குளில் இடுக்கியிருந்த சாக்கை எடுத்தாள். "மாரீஸ்வரன் வீட்டுல கதவுக்குப் பின்னால இது தொங்குச்சுண்ணே. ஓரமெல்லாம் கொள்ளு ஒட்டியிருந்துச்சு. உங்க குதிரைச் சாக்காத்தான் இருக்கும், குடுத்துட்டுப் போலாம்னு கொண்டாந்தேன்."

அழகுராஜா பல்லைக் கடித்தான். இது சந்தையில் வாங்கிய சாக்கு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இவள் மடியில் கிடந்த சாக்கு.

கன்னையன் அதை வாங்கக் கையை நீட்டவில்லை. சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தூறல் வலுத்தது. தகரத்தில் மழை இரைந்தது.

"அடடா, செல்லை ஜீப்புலயே விட்டுட்டேன். அழகு, வெரசாப் போய் எடுத்துட்டு வா."

"மழைக்கா."

"சாக்கு இருக்குல்ல. கொங்காணி போட்டுக்கிட்டு ஓடு."

மலைச்சரிவில் கொங்காணி மாட்டத் தெரியாத ஆள் கிடையாது. சாக்கின் அடிமூலை ஒன்றை இன்னொன்றுக்குள் திணித்தால் கூம்பாக நிற்கும், தலையில் கவிழ்த்துக்கொண்டால் முதுகு வரைக்கும் மறைக்கும். பிளாஸ்டிக் கோட்டு வந்த பிறகு எல்லாரும் விட்டுவிட்டார்கள். குதிரைக்காரர்கள் மட்டும் விடவில்லை. மூட்டை இறக்கினால் அவர்கள் கையில் எப்போதும் ஒரு சாக்கு மிஞ்சும். அழகுராஜா மூலையைத் திணித்தான், சாக்கைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"போடாத அப்பு!"

என்ன நடக்கிறது என்று அவன் உணர்வதற்குள் கன்னையன் மேலே வந்து விழுந்தான். அரிவாள்தான் வந்துவிட்டது என்று அழகுராஜா கண்ணை மூடிக்கொண்டு, குலசாமி பேரைக்கூட மறந்துபோய், "அக்கா!" என்று அலறினான். ஒன்றும் வெட்டவில்லை. கண்ணைத் திறந்தபோது சாக்கு முற்றத்துச் சேற்றில் கிடந்தது. கன்னையன் அவன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

"மூஞ்சியில பட்டுச்சா? பட்டுச்சா அப்பு? போய் சோப்புப் போட்டுக் கழுவு, போ!"

பொற்கொடி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"ஏண்ணே? சாக்குதான? உங்க குதிரை ரெண்டும் சுத்தம்னு சொல்லிட்டாங்க. சாக்கைப் பாத்து எதுக்கு இந்தப் பதட்டம்?"

கன்னையனின் கை அழகுராஜாவின் தோளிலிருந்து மெல்லக் கீழே விழுந்தது.

"நான் சொல்லட்டுமா? முற்றம் பூரா புல்லு நிக்குது. அந்த மூணாவது முளைக்குச்சியச் சுத்தி மட்டும் ஒத்தைப் புல்லு இல்ல. குளம்படி பட்டு நைஞ்சு கிடக்கு, அதை மறைக்கத்தான் சுண்ணாம்பு. ஆடியில வித்த குதிரை ஐப்பசி மழையில இங்க எப்படிண்ணே மிதிச்சுச்சு?"

"ஆகா!" என்று அழகுராஜா துள்ளினான். பயந்ததற்கெல்லாம் வட்டியோடு வசூல் செய்யும் வேகம் அவனுக்கு. "அப்ப நோய் பிடிச்ச குதிரையோட சாக்கை இவருதான் கொண்டுபோய் மாரீஸ்வரன் தலையில மாட்டியிருக்காரு! பாவி மனுஷா! நான் போலீசுக்குப் போன் போடட்டுமாக்கா?"

"போடாத. கணக்கைத் தப்பாப் போடுற."

"என்னக்கா தப்பு?"

"வேணும்னே அந்தச் சாக்கைக் குடுத்து ஆளைக் கவுத்தவன்னா, நீ மாட்டிக்கிட்டு ஓடுறதைப் பேசாமப் பாத்துக்கிட்டு நின்னிருப்பான். எதுக்குப் பாயணும்? தடுத்தா மாட்டிக்குவோம்னு இவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தடுத்தாரு."

காலையிலிருந்து அழகுராஜா மனசுக்குள் கட்டிவைத்திருந்த கொலைகாரன், சேற்றில் கிடந்த சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற இந்த ஒல்லி மனுஷனோடு எப்படியும் பொருந்தவில்லை.

"அது சந்தையில வாங்குன சாக்குண்ணே. நிஜச் சாக்கு ஜீப்புல டப்பாவுக்குள்ள இருக்கு" என்றாள் பொற்கொடி. "காய்ச்சல் வர்றதுக்கு முன்னால ஒருநாள் மழையில மாரீஸ்வரன் அதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தாராம். யார் குடுத்தான்னு கலையரசி கேட்டதுக்குச் சிரிச்சுக்கிட்டே போயிட்டாராம். இனி நீங்கதான் சொல்லணும்."

கன்னையன் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான்.

"அன்னைக்கு நல்ல மழை ஆத்தா. பாதித் தூரத்துல குதிரைகளை நிறுத்தி, சாக்குல ஊறவச்ச கொள்ளைப் போட்டு அதுக மூஞ்சியில கட்டியிருந்தேன். அங்கதான் எப்பவும் கட்டுறது. பாத்தா, இவரு செடிக்குள்ள நிக்கிறாரு. மழைக்கோட்டைக் காத்து கிழிச்சுப்போட்டுருச்சு. பாதைக்கு வந்தா நனைவாரு, மரத்தடிக்கு வந்தா குதிரை நிக்குது. ரெண்டுங்கெட்டானா நடுங்கிக்கிட்டு நின்ன நிலையைப் பாத்து எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவருக்கும் வந்துருச்சு."

"அப்புறம்?"

"வெள்ளச்சி மூஞ்சியில இருந்த சாக்கை அவுத்து, உள்ளுக்குள்ள இருக்குறதை வெளியே திருப்பி உதறி, மூலையத் திணிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தேன். நானேதான் குடுத்தேன். 'கோவமெல்லாம் வாயோட சரி சூப்பர்வைசரே, நனையாதீங்க'ன்னேன். அவரு அதுலயே மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டாரு. 'ரோடு வந்தாலும் அதுக்கு மேல இருக்குற காட்டுக்கு உன் குதிரைதான்டா ஏறணும், பயப்படாத'ன்னாரு. வெள்ளச்சிக்கு அப்ப லேசா மூக்கு ஒழுகிக்கிட்டு இருந்துச்சு. மழைக்குச் சளி பிடிச்சிருக்குன்னு இருந்துட்டேன்."

குதிரையின் மூக்கு பதிந்த மூலை, திருப்பி உதறி உள்ளே திணித்ததும், மனிதனின் முகத்துக்கு வந்துவிட்டது. இரக்கப்பட்டுச் செய்த காரியம் இப்படியா முடியவேண்டும் என்று அழகுராஜாவுக்குத் தோன்றியது.

"டாக்டரு குதிரை நோவுன்னு சொன்னது ஊருக்குள்ள வந்துச்சுல்ல, அன்னைக்கு அவ மூக்குக்குள்ள பாத்தேன். புண்ணு. கலையரசிகிட்டப் போய்ச் சொல்லணும்னு பாதி வழி வரைக்கும் போனேன் ஆத்தா, சத்தியமா. சொன்னா வெள்ளச்சியைக் கொன்னுருவாங்க. திரும்பி வந்து, அவளை இங்கிட்டிருந்து ஓட்டிட்டுப் போயிட்டேன்."

"எங்க?"

"மேல பழைய ஏலக்காய் ஸ்டோரு ஒண்ணு இடிஞ்சு கிடக்கு. அங்க. தினமும் கொள்ளு கொண்டுபோறேன். மூக்கைத் தொடைச்சு விடுறேன்."

"வேற யாராச்சும் அங்க போறாங்களா? இந்த ரெண்டு குதிரையும்?"

"நான் ஒருத்தன்தான் ஆத்தா."

பொற்கொடி அவன் கையைப் பார்த்தாள். "எதால தொடைக்கிறீங்க?"

அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"கைத்துணியை அவுருங்கண்ணே."

"லாடம்..."

"அவுருங்க."

அவன் அவிழ்த்தான். விரலிலிருந்து மணிக்கட்டுக்கு மேலே வரைக்கும் கொத்தாகப் புண் கிளம்பியிருந்தது. லாடம் அடித்து வருகிற காயமில்லை அது. அவன் கண் ஏன் சிவந்திருக்கிறது என்பதும், இந்தக் குளிரில் நெற்றி ஏன் வேர்த்திருக்கிறது என்பதும் அழகுராஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது. டாக்டர் சொன்ன அடுத்த ஆள் இதோ உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்கே மதுரைக்குப் போறோம்ணே. நெஞ்சுக்கு இறங்கலைன்னா காப்பாத்திரலாம். மருந்து இருக்கு."

"அவருக்கு?"

"குடுத்துக்கிட்டு இருக்காங்க. நேத்தைக்கு விட இன்னைக்குத் தேவலையாம்."

கன்னையன் தலையாட்டினான். "அப்ப வெள்ளச்சிக்கு?" என்றான்.

பொற்கொடி மழைப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"குதிரைக்கு இந்த நோய் வந்தா வைத்தியம் கிடையாதுண்ணே. ஊசி போட்டுப் புதைச்சிருவாங்க. இல்லைன்னா மத்ததுக்கும் பரவும். உங்க இந்த ரெண்டுக்கும் கூட."

"ஒரே நோவுதான ஆத்தா? எனக்கு மருந்து, அவருக்கு மருந்து, அவளுக்கு மட்டும் ஊசியா? ரெண்டு பேருக்கும் சேர்த்து மூட்டை சுமந்தது அவதான."

குதிரை ஒன்று செருமியது. கன்னையன் எழுந்து போய், புண்ணில்லாத கையால் அந்த மூன்றாவது முளைக்குச்சியை ஆட்டினான். நன்றாக இறங்கிய குச்சி, எளிதில் வரவில்லை. முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கிச் சுவரோரம் போட்டான்.

"மாட்டாசுபத்திரிக்காரங்களைக் கூப்பிடுங்க. நானும் கூட வரணும். அவ பொல்லாதவ, புது ஆளைக் கண்டா இடிஞ்ச சுவத்துக்குள்ள போய் நின்னுக்குவா. நான் குரல் குடுத்தாத்தான் வெளிய வருவா."

"கிட்டப் போகக் கூடாதுண்ணே. தூரத்துல நின்னே கூப்பிடணும்" என்றாள் பொற்கொடி.

"போகல."

"என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டான் அழகுராஜா. அவன் கேலியாகக் கேட்கவில்லை.

"'கொள்ளு வந்திருக்கு தாயி'ன்னு சொல்லுவேன். சொன்னா வந்துருவா."

அழகுராஜா மழையில் இறங்கி ஜீப்புக்கு ஓடினான். சாக்கும் இல்லை, கோட்டும் இல்லை. முன்சீட்டில் கிடந்த கொள்ளுப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைக்குள் பொத்தி, நனையாமல் கொண்டுவந்து கன்னையனுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதையும் ஊறவச்சு எடுத்துக்கங்கண்ணே. இன்னைக்கு அவளைப் பொய் சொல்லிக் கூப்பிட வேணாம்."